எடிட்டிங்கை மனதில் வைத்துப் படம் எடுப்பது எப்படி? ஆர்வலர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"எல்லாம் எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிக்கொண்டே படம் எடுப்பவர்கள் உண்டு. "நான் எடிட்டே செய்வதில்லை, கேமரா தருவது அப்படியே" என்று பெருமைப்படுபவர்களும் உண்டு. இரண்டு பேச்சுமே எனக்கு ஒத்துவருவதில்லை. பின்னால் எதைச் சரிசெய்யவே முடியாது என்பது முதலாமவருக்குத் தெரிவதில்லை. ஜேபெக்கில் எடுத்தால் நிறம், கான்ட்ராஸ்ட், கூர்மை, நாய்ஸ் (படத்தில் தெரியும் பொரிப்பொரியான புள்ளிகள்) குறைப்பு என்று எல்லாவற்றையும் கேமராவே எடிட் செய்துதான் கையில் கொடுக்கிறது என்பது இரண்டாமவருக்கு நினைவில் இருப்பதில்லை.

ஷட்டரை அழுத்திய நொடியிலேயே முடிந்துபோகும் விஷயங்கள் சில உண்டு. ஃபோகஸ் எங்கே விழுந்தது, கையோ ஆளோ அசைந்ததா, வெளிச்சமான பகுதி வெளுத்துப்போனதா, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, நீங்கள் எங்கே நின்றீர்கள். இவற்றில் கோட்டை விட்டால் எந்த மென்பொருளும் முழுசாக மீட்டுத் தராது. வெள்ளைச் சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்வது), கான்ட்ராஸ்ட், நிறம், ஓரளவு எக்ஸ்போஷர் (படத்தின் மொத்த வெளிச்சம்), சட்டத்தின் (ஃபிரேமின்) ஓரங்கள் ஆகியவற்றைப் பிறகு உட்கார்ந்து மாற்றிக்கொள்ளலாம். ஆகவே எடுக்கும் இடத்தில் கவனம் முழுக்க முதல் பட்டியலின் மேல் இருக்கட்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தப் பிரிவினையை வைத்துத்தான் எழுதப்பட்டுள்ளன.

படி 1: கேமராவை ஒருமுறை ஒழுங்காக அமைத்துவிடுங்கள்

கோப்பு வகையை ராவுக்கு (RAW, சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைக்கும் கோப்பு) மாற்றுங்கள். கார்டில் இடம் இருந்தால் ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்தே வைக்கலாம். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 12 பிட் ராவில் 4,096 படிகள், 14 பிட்டில் 16,384. இருண்ட பகுதியை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) தூக்கும்போது ஜேபெக்கில் நிறம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிட, ரா தாக்குப்பிடிப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ரா என்பது இன்னும் படமாகாத தரவு. பெரும்பாலான சென்சார்களின் மேல், கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வண்ண வடிகட்டி அமைப்பே இன்றும் இருக்கிறது. நான்கு பிக்சல் கொண்ட ஒவ்வொரு சதுரத்திலும் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒவ்வொரு பிக்சலும் ஒரே நிறத்தைத்தான் பார்க்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களை வைத்து மென்பொருள் கணக்கிடுகிறது. வெள்ளைச் சமநிலையும் இந்தக் கணக்கோடு சேர்ந்து வருவதுதான். அதனால் ராவில் அதை எப்போது மாற்றினாலும் தரம் குறையாது. ஜேபெக்கில் அது படத்தோடு ஊறிப்போய்விடுகிறது.

அடுத்து, வெளுத்த இடங்கள் மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையை இயக்கிவையுங்கள். கூடவே ஹிஸ்டோகிராமையும் (கருமை முதல் வெண்மை வரை எவ்வளவு பிக்சல்கள் இருக்கின்றன என்று காட்டும் வரைபடம்) திரையில் வரவழையுங்கள். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு: நீங்கள் ராவில் எடுத்தாலும், கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் அது உள்ளுக்குள் தயாரித்த ஜேபெக் முன்னோட்டத்திலிருந்து வருவது. ஜேபெக்கின் தோற்றத்தை முடிவு செய்யும் பிக்சர் ஸ்டைலை 'விவிட்' என்று வைத்திருந்தால், ராவில் இன்னும் விவரம் இருக்கும்போதே வெளுத்துவிட்டதாகக் கேமரா பயமுறுத்தும். 'நியூட்ரல்' அல்லது 'ஃபிளாட்' என்று மாற்றி, அதில் கான்ட்ராஸ்ட்டையும் குறைத்துவிட்டால் ஹிஸ்டோகிராம் உண்மைக்குப் பக்கத்தில் வரும். திரையில் படம் சப்பென்று தெரியும்தான். பழகிவிடும்.

விளக்கொளியில் எலக்ட்ரானிக் ஷட்டரை நம்பாதீர்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கி எரிகின்றன. வேகமான ஷட்டரில் இது படத்தில் கிடைமட்டக் கோடுகளாக விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 1/50 அல்லது 1/100 நொடி வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120-க்கு அருகில். அந்தக் கோடுகளை எடிட்டிங்கில் எடுப்பது பெரும்பாடு.

படி 2: கேமராவை எடுக்குமுன் வெளிச்சத்தைப் பாருங்கள்

வெளிச்சத்தில் மூன்று விஷயங்கள் பார்க்கவேண்டும்: எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அதன் மூலம் எவ்வளவு பெரியது, எவ்வளவு அருகில் இருக்கிறது.

நேர் எதிரே இருந்து விழும் வெளிச்சம் முகத்தைத் தட்டையாக்கும். பக்கவாட்டில் வரும் வெளிச்சம் மூக்கு, கன்ன எலும்பு, துணியின் நெசவு என்று எல்லாவற்றுக்கும் நிழல் கொடுத்து உருவம் தரும். பின்னாலிருந்து வந்தால் முடியின் ஓரம் ஒளிரும், முகம் இருட்டடையும். மூலம் பெரிதாகவும் அருகிலும் இருந்தால் நிழலின் ஓரம் மென்மையாகும். வெறும் வெயிலில் நிழல் கத்தியால் வெட்டினாற்போல் விழுவது, சூரியன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நம் கண்ணுக்கு அது சின்னப் புள்ளி என்பதால்தான். மேகம் மூடியதும் வானம் முழுக்க ஒரே விளக்காகிவிடுகிறது, நிழல் கரைந்துபோகிறது.

சின்ன விளக்கு ஒன்றிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். ஜன்னல் பெரியது என்பதால் அத்தனை கறாராகக் குறையாது, ஆனால் போக்கு அதேதான். ஜன்னலை ஒட்டி ஆளை உட்காரவைத்தால் அவர் மேல் வெளிச்சம் நிறைய, பின்சுவரில் வெகு குறைவு. பின்னணி தானாகவே இருண்டுவிடும். அவரை அறையின் நடுவுக்கு நகர்த்தினால் அவருக்கும் சுவருக்கும் வித்தியாசம் சுருங்கிவிடும். மென்பொருளில் மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்ற வரையும் எல்லை) போட்டுப் பின்னணியை இருட்டாக்க அரை மணி நேரம் செலவழிப்பதைவிட, நாற்காலியை நகர்த்துவது எளிது.

இன்னொன்று: ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது அறை விளக்கை அணைத்துவிடுங்கள். மஞ்சள் பல்பு சுமார் 2,800 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு). நண்பகல் வெயில் 5,500. நிழல் 7,000-க்கும் மேல். இரண்டு வகை வெளிச்சம் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம். ஒரே வெள்ளைச் சமநிலையால் இரண்டையும் சரிசெய்ய முடியாது.

படி 3: எங்கே நிற்பது

ஜூம் என்பது நடக்கச் சோம்பல்படுபவர்களுக்கான வசதி என்று பலர் நினைக்கிறார்கள். முகத்தின் வடிவமும் பின்னணியின் அளவும் லென்ஸால் தீர்மானிக்கப்படுவதில்லை. நீங்கள் நிற்கும் தூரம்தான் தீர்மானிக்கிறது. கை நீளத் தூரத்தில் கைபேசியை வைத்து எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் வருவது மூக்குக்கு மிக அருகில் லென்ஸ் இருப்பதால். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, அதே முகத்தைச் சட்டம் நிறைய வருமாறு ஜூம் செய்தால் உறுப்புகள் தம் அளவில் நிற்கும். ஆகவே முதலில் தூரத்தை முடிவு செய்யுங்கள். ஓரங்களை எங்கே வெட்டுவது என்பதை லென்ஸ் பார்த்துக்கொள்ளும்.

அழுத்துவதற்கு முன் சட்டத்தின் நான்கு ஓரங்களையும் கண்ணால் ஒரு சுற்று சுற்றுங்கள். தலைக்குப் பின்னால் முளைத்த கம்பம், ஓரத்தில் பாதி நுழைந்த கை, மூலையில் மின்னும் வெள்ளைப் பை. அரையடி நகர்ந்தால் போய்விடும்.

படி 4: ஷட்டர், அபர்ச்சர், ஐஎஸ்ஓ — இந்த வரிசையில்

பாடப்புத்தகங்கள் மூன்றையும் முக்கோணமாகப் போட்டுக் காட்டும். களத்தில் அப்படி யோசிக்க நேரமிருக்காது. நான் சொல்லும் வரிசை: முதலில் ஷட்டர் (வெளிச்சம் உள்ளே வரும் நேரம்), அப்புறம் அபர்ச்சர் (லென்ஸின் துளை), கடைசியில் மிஞ்சியதை ஐஎஸ்ஓவுக்கு விடுங்கள். அசைவினால் வரும் மங்கலை மீட்க முடியாது, நாய்ஸை இன்று நன்றாகவே குறைக்க முடியும் என்பதுதான் காரணம்.

உட்கார்ந்து பேசும் ஆளுக்கு 1/125, நடப்பவருக்கு 1/250, ஓடும் குழந்தைகளுக்கு 1/500 முதல் 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000. இவை தொடங்கும் இடங்கள். கை நடுக்கத்துக்குப் பழைய விதி ஒன்று உண்டு: ஷட்டர், குவியத் தூரத்தின் தலைகீழுக்குக் குறையக்கூடாது. 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200. சற்றுச் சிறிய ஏபிஎஸ்-சி வகை சென்சாரில் 1.5-ஆல் பெருக்குங்கள், 1/300. பிக்சல் எண்ணிக்கை அதிகமான இன்றைய கேமராக்களில் இன்னும் ஒரு ஸ்டாப் கூட்டிவைப்பது நல்லது. லென்ஸிலோ உடலிலோ உள்ள ஸ்டெபிலைசேஷன் உங்கள் கையைத்தான் பிடித்துக்கொள்ளும், ஓடும் குழந்தையை அல்ல.

அபர்ச்சர் எண்கள் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும். தனி முகத்துக்கு எஃப் 2 அல்லது 2.8 போதும். லென்ஸ் 1.4 வரை திறக்கும் என்பதற்காக எப்போதும் 1.4-இல் எடுத்தால் ஒரு கண் கூர்மை, மறு கண் மங்கல் என்று வரும். இரண்டு மூன்று வரிசையாக நிற்கும் குழுவுக்கு 5.6 முதல் 8. நிலக்காட்சிக்கு 8 அல்லது 11. எஃப் 22-க்குப் போனால் எல்லாம் கூர்மையாகும் என்று நினைக்கவேண்டாம். துளை மிகச் சிறிதானதும் ஒளி விளிம்பில் சிதறி மொத்தப் படமும் மென்மையாகிவிடும்.

ஐஎஸ்ஓவைக் கூட்டினால் சென்சாருக்குள் வரும் வெளிச்சம் கூடாது. வந்ததைப் பெருக்கிக் காட்டுவதுதான் நடக்கிறது. நாய்ஸின் பெரும்பகுதி வெளிச்சம் போதாமையால் வருவது. ஒரு பிக்சலில் 100 ஃபோட்டான் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 10, அதாவது பத்து சதவீதம். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, ஒரு சதவீதம்தான். ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்துவிட்டு மென்பொருளில் தூக்கினால் நாய்ஸ் குறையும் என்பது வீண் நம்பிக்கை. அதைவிட 3200 வைத்து, ஷட்டரையும் வெளிச்சத்தையும் சரியாக வைத்து எடுப்பது மேல்.

நடைமுறையில் இதை எளிதாக்க வழி உண்டு. அபர்ச்சர் ப்ரையாரிட்டி முறை (அபர்ச்சரை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கேமரா வைக்கும்), ஆட்டோ ஐஎஸ்ஓ, அதற்குள் குறைந்தபட்ச ஷட்டர் 1/250, அதிகபட்ச ஐஎஸ்ஓ 6400. இதை வைத்துவிட்டால் பெரும்பாலான சூழலில் நீங்கள் தொடவேண்டியது அபர்ச்சரும், கேமரா கணிக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனும் மட்டுமே.

படி 5: வெளிச்சத்தைக் காப்பாற்றுவது

கேமராவின் மீட்டருக்கு முன்னால் இருப்பது என்னவென்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவர் முன் நின்றால் சுவர் சாம்பலாகும். +1 முதல் +2 ஸ்டாப் வரை கூட்டுங்கள். சட்டம் நிறையக் கருப்பு நாய் என்றால் அதையும் சாம்பலாக்கும், −1 வையுங்கள். காட்சியைப் படிக்கும் இந்தத் திறன் புதிய கேமராக்களில் எவ்வளவோ தேறியிருக்கிறது. ஆனாலும் கடைசி முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

ஹிஸ்டோகிராமில் இடது ஓரம் கருமை, வலது ஓரம் வெண்மை. வரைபடத்தின் மேடு, அதாவது மலை, நடுவில் இருந்தால்தான் சரி என்று எதுவும் இல்லை. இரவுக் காட்சியில் மலை இடப்பக்கம் குவிந்திருப்பதே முறை. பார்க்கவேண்டியது வலது ஓரத்தை மட்டும்: மலை அங்கே முட்டி நிமிர்ந்து நின்றால் அந்தப் பகுதியில் விவரமே பதிவாகவில்லை. வெளுத்த பிக்சலைக் கருமையாக்கினால் சாம்பல் நிறத் திட்டுதான் கிடைக்கும், மேகம் கிடைக்காது.

ஆனால் எல்லா வெண்மையையும் காப்பாற்றவேண்டியதில்லை. சூரியன், விளக்கின் இழை, தண்ணீரில் மின்னும் பொறி ஆகியவை வெளுத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. முகத்தோல், மேகம், வெள்ளை உடை இவைதான் போகக்கூடாது. இதை அடையாளம் காண்பதுதான் எக்ஸ்போஷரின் மொத்த வித்தையும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஜன்னலோரம் ஒருவர் புத்தகம் வாசித்துக்கொண்டிருக்கிறார். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து. 50 மி.மீ., எஃப் 2.8, 1/160, ஐஎஸ்ஓ 800. கேமரா சொன்னபடி எடுத்தால் முகம் அழகாக வருகிறது, ஆனால் திறந்திருக்கும் புத்தகத்தின் இடப்பக்கத் தாளும் ஜன்னல் சட்டமும் மினுக்குகின்றன. ஜன்னல் சட்டம் போனால் போகட்டும். தாள் போகக்கூடாது, அச்செழுத்துகள் கரைந்து வெறும் வெள்ளைத் துண்டாகிவிடும். −0.7 வைத்ததும் தாளில் மினுக்கல் நின்றுபோகிறது. முகம் சற்று இருண்டிருக்கிறது. அதைச் சரிசெய்வது எடிட்டிங் மேசைக்கு வரும் வேலை.

ஜன்னலுக்கு வெளியே உள்ள காட்சியும் வேண்டும், அறையும் வேண்டும் என்றால் ஒரே கிளிக்கில் முடியாது. ட்ரைபாடில் வைத்து −2, 0, +2 என்று மூன்று எடுத்து மென்பொருளில் இணைக்கலாம். ஆள் அசையும் காட்சிக்கு இது ஒத்துவராது.

படி 6: ஃபோகஸ்

கேமராவே புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முறையில் அது பெரும்பாலும் அருகில் இருப்பதைப் பிடிக்கும். ஒற்றைப் புள்ளியை எடுத்து, உங்களுக்கு அருகிலுள்ள கண்ணில் வையுங்கள். கண் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அசையாதவருக்கு ஒற்றை ஃபோகஸ், அசைபவருக்குத் தொடர் ஃபோகஸ். எடுத்த பிறகு திரையில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நகருங்கள்; சின்னத் திரையில் எல்லாப் படமும் கூர்மையாகத்தான் தெரியும்.

கைபேசியில் எடுப்பவர்களுக்கு

மேலே சொன்ன வெளிச்சமும் தூரமும் அப்படியே பொருந்தும். கைபேசி ஒரு கிளிக்குக்குப் பல படங்களை எடுத்து ஒன்றாக்குவதால் ஹைலைட், அதாவது வெளிச்சமான பகுதி, பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். லென்ஸைத் துடையுங்கள், விரல் தடத்தால் வரும் மூட்டத்தை எடிட்டிங்கில் எடுக்க முடியாது. முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டப்படும். பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். விரலால் விரித்து ஜூம் செய்வதைவிட உண்மையான இரண்டாவது லென்ஸுக்கு மாறுவது நல்லது. போர்ட்ரெய்ட் முறையில் முடியின் ஓரத்தையும் கண்ணாடிச் சட்டத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள், அங்கேதான் செயற்கை மங்கல் பல்லிளிக்கும்.

படி 7: கழித்தல்

எடிட்டிங்கின் முதல் வேலை அழிப்பது. முதல் சுற்றில் நல்லதைத் தேடாதீர்கள். கெட்டதை மட்டும் தள்ளுங்கள். கண் மூடியது, ஃபோகஸ் தவறியது, அசைந்தது. இரண்டாவது சுற்றில் ஒரே மாதிரியானவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எடுத்த அன்றே தேர்வு செய்தால் எடுக்கப் பட்ட கஷ்டத்துக்காகவே சில படங்களைப் பிடித்து வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கை தயங்காது.

படி 8: எடிட்டிங், வரிசைப்படி

மென்பொருளுக்கு லைட்ரூம்தான் வேண்டும் என்பதில்லை. டார்க்டேபிள், ரா தெரபி இரண்டும் இலவசம், ராவை முழுத்திறனில் கையாளும். கிம்ப் நேரடியாக ராவைத் திறக்காது. இவற்றில் ஒன்றின் வழியாகக் கொண்டுவரவேண்டும். ஸ்லைடர்களின் பெயரும் எண்களும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும், வரிசை மாறாது. கீழே லைட்ரூமின் பெயர்களை வைத்தே சொல்கிறேன். திரையின் பிரகாசத்தை முழுக்க ஏற்றிவைக்காதீர்கள், அறையில் ஒரே அளவான வெளிச்சம் இருக்கட்டும்.

ஜன்னலோரப் படத்துக்கு வருவோம்.

முதலில் லென்ஸ் ப்ரொஃபைல் திருத்தம் (லென்ஸால் வரும் வளைவையும் ஓர இருட்டையும் சரிசெய்வது), கோணம் நேராக்குதல், வெட்டுதல். வெட்டுவதைக் கடைசிக்கு விடுபவர்கள் உண்டு. முதலிலேயே வெட்டுவது என் பழக்கம். சட்டத்துக்குள் எது இருக்கிறதோ அதை வைத்துத்தான் இருட்டு, வெளிச்சம் இரண்டையும் கண் எடைபோடுகிறது. வலப்பக்கத்துக் காலியிடத்தில் பாதியை எடுத்துவிட்டேன் என்று வையுங்கள்.

இரண்டாவது, வெள்ளைச் சமநிலை. கேமரா 5,200 வைத்திருந்தது. தோல் கொஞ்சம் நீலம் பாய்ந்திருப்பதால் 5,700. துல்லியம் வேண்டும் என்றால் படப்பிடிப்பின் தொடக்கத்தில் சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்து, அதில் துளிசொட்டியால் சொடுக்குங்கள். ஆனால் துல்லியமான நிறம் எப்போதும் அழகான நிறமாகாது. மாலை வெயிலை 'சரிசெய்து' வெள்ளையாக்கினால் மாலையே போய்விடும்.

மூன்றாவது, மொத்த வெளிச்சம். எக்ஸ்போஷர் +0.6. நாம் −0.7 வைத்து எடுத்ததைத்தான் இப்போது திரும்பக் கொடுக்கிறோம், தாளின் விவரம் கைவசம் இருக்கும் நிலையில். ஹைலைட்ஸ் −50: தாளில் எழுத்து வரிகள் திரும்புகின்றன. ஷேடோஸ் +15, அதற்கு மேல் வேண்டாம். நிழலை +80-க்குத் தூக்கி, முகத்தின் இருண்ட பக்கத்தையும் வெளிச்சமான பக்கத்தையும் ஒன்றாக்கிவிட்டால், நாற்காலியை ஜன்னலோரம் போட்டதற்கே அர்த்தமில்லாமல் போகும். பிறகு ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே வைட்ஸ், பிளாக்ஸ் ஸ்லைடர்களை நகர்த்துங்கள். எந்த இடம் வெளுக்கிறது, எந்த இடம் முழுக் கருப்பாகிறது என்று தெரியும். புத்தக அட்டையின் அடியில் மட்டும் கருமை தொடும் அளவுக்கு பிளாக்ஸைக் குறைத்ததும் படத்துக்கு அடித்தளம் வந்துவிடுகிறது.

நான்காவது, கர்வ், அதாவது இருட்டையும் வெளிச்சத்தையும் வளைகோட்டால் மாற்றும் கருவி. மெல்லிய எஸ் வளைவு: கால் பகுதியில் ஒரு புள்ளி சற்றுக் கீழே, முக்கால் பகுதியில் ஒரு புள்ளி சற்று மேலே. கான்ட்ராஸ்ட் ஸ்லைடரைவிட இதில் கட்டுப்பாடு அதிகம். விவரங்களை எடுப்பாக்கும் கிளாரிட்டியை முகத்தின் மேல் கூட்டவே கூட்டாதீர்கள். ஒரே நிமிடத்தில் ஆளுக்குப் பத்து வயது ஏறிவிடும்.

ஐந்தாவது, நிறம். சாச்சுரேஷனை விட்டுவிட்டு வைப்ரன்ஸில் +8 போதும். அது மங்கிய நிறங்களைத்தான் அதிகம் தூக்கும், தோல் நிறத்தை அளவோடு தொடும். தோல் சிவந்திருந்தால் மொத்த நிறத்தையும் கலைக்கவேண்டாம்; வண்ணக் கலவைப் பகுதியில் சிவப்பின் செறிவை மட்டும் சற்றுக் குறைத்து, ஆரஞ்சின் ஒளிர்வை +5 கூட்டினால் முகம் தெளியும்.

படி 9: அங்கங்கே தொடுவது

நல்ல எடிட்டிங்கும் சுமாரான எடிட்டிங்கும் பிரிவது இங்கேதான். படத்தை ஒரு கணம் சின்னதாக்கிப் பாருங்கள், கண் முதலில் எங்கே போகிறது? நம் படத்தில் புத்தகத் தாளுக்குப் போகிறது. அதுதான் இருப்பதிலேயே வெளிச்சமான இடம். போகவேண்டியது முகத்துக்கு. தாளின் மேல் மென்மையான ஓரமுள்ள பிரஷ் மாஸ்க் போட்டு எக்ஸ்போஷர் −0.35. முகத்துக்கு இன்னொரு மாஸ்க், +0.25. பின்சுவரின் மேல்மூலைக்குச் சாய்வு மாஸ்க், −0.4. தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் கண்ணுக்கே தெரியாது. மூன்றும் சேர்ந்ததும் பார்வை முகத்தில் போய் நிற்கிறது.

தாடையின் அடியைக் கவனியுங்கள், இலேசான பச்சை. ஜன்னலுக்கு வெளியே உள்ள மரத்தின் இலைகளில் பட்ட வெளிச்சம் அது. மொத்தப் படத்தின் டின்ட்டையும் (பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையிலான சாய்வு) மாற்றினால் சுவர் இளஞ்சிவப்பாகிவிடும். தாடையில் மட்டும் சின்ன மாஸ்க் போட்டு, டின்ட்டை மெஜந்தா பக்கம் 10 நகர்த்துங்கள்.

இதெல்லாம் கணினி வந்த பிறகு பிறந்த ஏமாற்று வேலை என்று நினைக்கவேண்டாம். இருட்டறையில் அச்சிடும்போது கையால் ஒளியை மறைத்தும் கூட்டியும் செய்த டாட்ஜிங், பர்னிங் என்ற வேலைதான் இன்று மாஸ்க் ஆகியிருக்கிறது. அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் எடுத்த புகழ்பெற்ற நிலவுதயப் படத்தை அதன்பின் பல பத்தாண்டுகள் அச்சிட்டார். பிற்கால அச்சுகளில் வானம் முதல் அச்சுகளைவிட வெகுவாகக் கருத்திருக்கும்.

ஹீலிங் கருவியால் சென்சார் தூசி, தோலில் அன்று மட்டும் வந்த பரு ஆகியவற்றை எடுக்கலாம். மச்சத்தையும் தழும்பையும் கேட்காமல் எடுக்காதீர்கள். செயற்கை நுண்ணறிவால் இல்லாததைச் சேர்ப்பது வேறு கணக்கு. உங்கள் சொந்தப் படத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். செய்தி, ஆவணப் படம், போட்டி என்றால் விதியைப் படியுங்கள். வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ போட்டியில் கடைசிக் கட்டங்களுக்கு வரும் படங்களின் அசல் கோப்புகளைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ராவை அழிக்காமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன், பின் ஒப்பீட்டுப் பொத்தானை அளவாக நம்புங்கள். வெளிச்சமும் கான்ட்ராஸ்ட்டும் கூடிய படம் எப்போதுமே பக்கத்தில் உள்ளதை ஜெயித்துவிடும். மறுநாள் காலை 'பின்' படத்தை மட்டும் தனியாகத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் நிறத்தைக் கொஞ்சம் குறைக்கத்தான் தோன்றும்.

படி 10: நாய்ஸ், கூர்மை

100 சதவீதத்தில் பார்த்துச் செய்யவேண்டிய வேலை இது. நிற நாய்ஸை தாராளமாகக் குறைக்கலாம். ஒளிர்வு நாய்ஸைக் கொஞ்சம் விட்டுவையுங்கள், முழுக்கத் துடைத்தால் தோல் பிளாஸ்டிக் ஆகிவிடும். செயற்கை நுண்ணறிவு நாய்ஸ் நீக்கிகள் உண்மையிலேயே நன்றாக வேலை செய்கின்றன, முடியும் துணியும் செயற்கையாகிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கூர்மைக்கு ஆல்ட் விசையோடு மாஸ்கிங் ஸ்லைடரை நகர்த்தினால் வெள்ளையாகத் தெரியும் கோடுகளில்தான் கூர்மை ஏறும். கண்ணிமை, முடி, எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும்வரை தள்ளுங்கள். சுவரைக் கூர்மையாக்கி ஆவதொன்றுமில்லை.

படி 11: வெளியே அனுப்புவது

இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி நிறவெளி, நீளப் பக்கம் 2,048 பிக்சல், ஜேபெக் தரம் 80-ஐ ஒட்டி. அடோபி ஆர்ஜிபியில் அனுப்பினால் நிறவெளியைப் படிக்கத் தெரியாத திரைகளில் படம் செத்துப்போய்த் தெரியும். ராவையும் முடிந்த கோப்பையும் இரண்டு வெவ்வேறு வட்டுகளில் வைத்து, மூன்றாவது பிரதியை வேறு கட்டடத்திலோ கிளவுடிலோ வைத்துவிடுங்கள். அது முடிந்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யலாம்.

அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான கணக்கு. 8-க்கு 10 அங்குல அச்சுக்கு 2,400-க்கு 3,000 பிக்சல் வேண்டும், அது 7.2 மெகாபிக்சல்தான். 6,000-க்கு 4,000 பிக்சல் உள்ள 24 மெகாபிக்சல் படம் 20 அங்குல அகலம் வரை இதே அடர்த்தியில் போகும். சுவரில் தள்ளி நின்று பார்க்கும் பெரிய அச்சுக்கு 150-ம் போதும். அச்சு திரையில் பார்த்ததைவிட இருட்டாக வருவது ஏறக்குறைய எல்லோருக்கும் நடப்பது, ஏனெனில் திரை தானே ஒளிர்கிறது, தாள் ஒளிர்வதில்லை. திரையின் பிரகாசத்தைக் குறைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்படி வையுங்கள். படம் இப்போது இருண்டு தெரிந்தால் கால் ஸ்டாப், அரை ஸ்டாப் என்று கூட்டி, ஒரே படத்தின் இரண்டு மூன்று வடிவங்களைச் சின்ன அளவில் அச்சிட்டுப் பாருங்கள். எது சரியோ அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, பெரிய அச்சுக்குக் கொடுக்கலாம். அதே அச்சகம், அதே தாள் என்றால் அந்த எண் அடுத்த படத்துக்கும் பொருந்தும்.